என் பெயரில் ஐந்து வாக்கியங்கள்

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

என் போன் கெட்டுப்போகவில்லை. நேற்று மட்டும் பதினேழு முறை அடித்திருக்கிறீர்கள். எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிண்ணா" என்பேன். நாலு வருஷமாக அதுதானே நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இடது கை. நூலகத்தில் நடக்கிற இங்கிலீஷ் கிளாஸில் ஏ, பி, சி, டி எழுதிப் பழகிய கைதான் இப்போது தமிழும் எழுதுகிறது. ஒரு பக்கம் முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. பரவாயில்லை, கோபமும் அவ்வளவு நேரம் தாங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் அண்ணியும் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முந்தின நாள் அடுப்பை அணைக்காமல் விட்டதற்கு அண்ணி திட்டியதால் போய்விட்டேன் என்று மெசேஜில் எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்தொரு வயதில் அடுப்புக்காக யாரும் வீட்டை விட்டுப் போக மாட்டார்கள் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

அதற்கு முந்தின வியாழக்கிழமை கிளாஸில் ஐந்தாம் பாடம். படிவங்கள். பெயர், பிறந்த தேதி, விலாசம், கையெழுத்து எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது. உங்களுக்குப் புரியாத காகிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று டீச்சர் முதல் வாரமே சொல்லியிருந்தார். பக்கத்து நாற்காலி பேக்கரிக்காரர் தண்ணீர் பில் கொண்டு வந்தார். இன்னொருத்தி பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டீஸ். நான் ஆஸ்பத்திரி பையைத் துழாவினேன். ஆகஸ்டில் கொடுத்த பை. மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் நாலாக மடித்து ஒரு காகிதம் இருந்தது. கீழே இடது கையால் நான் போட்ட கிறுக்கல் கையெழுத்து, அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று நீங்கள் சொன்ன காகிதம்.

டீச்சர் எல்லாரையும் ஒவ்வொரு வரி சத்தமாக வாசிக்கச் சொன்னார். நான் எழுந்து நின்று வாசித்தேன். ஒவ்வொரு வார்த்தையாக, பல் பிடுங்குகிற மாதிரி. மெஷின். குட். கண்டிஷன். இரண்டாவது வரி முடிவதற்குள் டீச்சரின் முகம் மாறிவிட்டது. மெதுவாக என் பக்கத்தில் வந்து, "இதை நீ எப்போது சொன்னாய்?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை என்றேன். அகராதியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவர் ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

மொத்தம் ஐந்து வாக்கியங்கள். மிஷின் நல்ல நிலையில் இருந்தது. தடுப்புக் கம்பி அதன் இடத்தில் இருந்தது. கையைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்று என் தாய்மொழியிலேயே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நான் கவனக்குறைவாக இருந்தேன். எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

எல்லாம் "நான், நான்" என்று எழுதியிருக்கிறது. அந்த நான் யார் அண்ணா?

கீழே உங்கள் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி உண்டு. இவருக்கு இதை இவருடைய மொழியில் படித்துக் காட்டினேன், புரிந்துகொண்டு சரியென்றார் என்று. அந்த வரியை எனக்கு இங்கிலீஷில் அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். தமிழில் நன்றாகத் தெரியும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள் நான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்க வரும்போது, முழுப் பத்திரத்தையும் வாசித்துக் காட்டிவிட்டு அந்த வரியை என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட வாசிக்காமல் எழுதியதில்லை. அப்படி எழுதுகிறவனை எங்கள் அலுவலகத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று இங்கே எழுதப் பிடிக்கவில்லை.

பேக்கரிக்காரருக்கும் எனக்கும் பொதுவாக ஐம்பது இங்கிலீஷ் வார்த்தைதான். அவர் காகிதத்தைத் தட்டி, "பிரதர்? பேட்?" என்று கேட்டார். எனக்கு அண்ணனைப் பற்றி இங்கிலீஷில் அன்றைக்குத் தெரிந்தது இரண்டாம் பாடத்தில் படித்த ஒரே வாக்கியம். மை பிரதர் இஸ் டால், என் அண்ணன் உயரமானவர். அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

இப்போது அவர் கடைக்கு மேலே இருக்கிற அறையில் இருக்கிறேன். காலையில் கடையில் பெட்டி மடிக்கிறேன். அதற்கு எட்டு விரல் போதும்.

தங்கை


பிப்ரவரி 9

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணியும் படித்தாள். அவளிடம் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. படித்துவிட்டு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. திருப்திதானே?

நான் கேட்கிறேன், நீ பதில் சொல். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவன் யார்? டாக்டர் வாயைத் திறந்தால் தமிழில் சொன்னவன் யார்? உனக்கு வலிக்கிறது என்று நர்சுக்குப் புரியவைத்தவன் யார்? இந்த ஊரில் உனக்கு வாயாக இருந்தவன் நான். பஸ் ஏற, மருந்து வாங்க, வாடகை வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் நான். அதற்கெல்லாம் ஒரு வரி எழுத உனக்கு இடது கை வரவில்லை.

வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், மூன்று மாசம். இதுதான் உன் இங்கிலீஷ். நான் பன்னிரண்டு வருஷம் இந்தப் பாஷையில் திட்டு வாங்கியவன். அந்தக் காகிதம் கம்பெனியின் வழக்கமான காகிதம். எல்லாருக்கும் அதே வாசகம்தான் வரும். கவனக்குறைவு என்று நீ போட்டிருக்கிறாயே, அந்த வார்த்தைக்கு அவ்வளவு கெட்ட அர்த்தம் இல்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்கிற மாதிரி. அகராதியைப் பார்த்து அர்த்தம் சொல்வது எல்லாருக்கும் முடியும். எந்த இடத்தில் எப்படிச் சொல்வார்கள் என்பது பழகினால்தான் தெரியும்.

அந்த டீச்சர் யார் நம் குடும்ப விஷயத்தில் தலையிட? பாடம் நடத்த வந்தவர் பாடம் நடத்தட்டும். கண்டவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று வாசித்தாயாமே. நம் வீட்டு அழுக்குத் துணியை நூலகத்தில் விரித்துக் காட்டினாயாக்கும்.

நடந்தது நடந்துவிட்டது. அந்தக் காகிதத்தை வேறு யாரிடமும் காட்டாதே. எனக்காகச் சொல்லவில்லை, உனக்காகச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆறு மாசம் கழித்துப் பேச்சை மாற்றினால் உன்னைத்தான் கேள்வி கேட்பார்கள். உனக்கு அங்கே பதில் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

சனிக்கிழமை நீங்கள் கீழே நின்று ஹாரன் அடித்தது கேட்டது. பேக்கரிக்காரர் வெளியே வந்து "நோ பார்க்கிங்" என்றதும் கேட்டது. முதல் பாடத்திலேயே வருகிற வார்த்தை. அவ்வளவு கச்சிதமாக அதை அவர் கிளாஸில் சொன்னதே இல்லை.

வாயாக இருந்தேன் என்கிறீர்கள். சரி. ஆனால் எனக்கு வாய் இல்லாமல் பார்த்துக்கொண்டவரும் நீங்கள்தான். வந்த முதல் மாசமே கிளாஸில் சேருகிறேன் என்றேன். "உனக்கு எதுக்கு பாப்பா கிளாஸு, நான் இருக்கேன்ல" என்றீர்கள். இரண்டாம் வருஷம் கேட்டேன். வேலை நேரம் ஒத்து வராது என்றீர்கள். கம்பெனியில் என் ஷிஃப்டைப் போடுகிற சூப்பர்வைசரே நீங்கள்தான். கை போன பிறகு, விரலுக்குப் பயிற்சி கொடுத்த ஆஸ்பத்திரி அம்மாதான் நோட்டீஸைக் கையில் திணித்தார். இடது கை எழுத்துப் பழகும் என்றார். அதனால் போனேன். இல்லாவிட்டால் இன்றைக்கும் அந்தப் பை அலமாரியில் மடித்தபடியே இருந்திருக்கும்.

நீங்கள் சொன்ன அந்த வார்த்தையை, கேர்லெஸ், மூன்று அகராதியில் பார்த்தேன். ஒன்றிலும் "தெரியாமல் நடந்துவிட்டது" என்று இல்லை. உங்கள் அகராதியை எனக்கும் அனுப்பிவையுங்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்த நாளை நினைத்துப் பாருங்கள். சலவைக் கம்பெனியில் மூன்றாவது இஸ்திரி மிஷின். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தடித்த பெட்ஷீட்டுகள். ஈரத்தோடு விளிம்பைப் பிடித்து உருளைக்கு நேராகக் கொடுக்க வேண்டும். தடுப்புக் கம்பி இருந்தால் விரல் பட்டதும் மிஷின் நின்றிருக்கும். பக்கத்து மிஷின்களில் அப்படி நின்று நான் பார்த்திருக்கிறேன். என்னுடையதில் நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து கம்பியே இல்லை. இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. அது என்ன ஓட்டை என்று உங்களிடம் கேட்டேன். "அது பழைய மாடல்" என்றீர்கள்.

அந்தக் கம்பியைக் கழற்றியது யார்?

ஆமாம், இல்லை என்று மட்டும் எழுதினால் போதும். பன்னிரண்டு வருஷ இங்கிலீஷ் வேண்டாம், தமிழிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று. தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். திரும்ப விசாரிக்கச் சொல்லி. நாலு வரிதான். ஒரு வாரம் ஆயிற்று எழுத. டீச்சரிடம் திருத்தக் கொடுத்தேன். வாங்கவில்லை. நான் திருத்தினால் அது என்னுடைய பேச்சாகிவிடும், தப்பு இருந்தாலும் உன்னுடையதாக இருக்கட்டும் என்றார். மார்ச் 12 காலையில் வரச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது.

தங்கை

பாப்பா என்று இனி எழுதாதீர்கள்.


மார்ச் 1

தங்கைக்கு,

ஆமாம். நான்தான் கழற்றினேன்.

தெரிந்துகொண்டாய். இப்போது முழுவதையும் தெரிந்துகொள். தடித்த துணி வந்தால் அந்தக் கம்பியில் இடித்து இடித்து மணிக்கு முப்பது தடவை மிஷின் நிற்கும். நின்றால் துணி கருகும், கருகினால் மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வருவார். ஒரு நாள் என்னிடம் ஸ்பேனரைக் கொடுத்து, "உனக்கே தெரியும் என்ன செய்யணும்னு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கழற்று என்று சொல்லவில்லை. இந்த மாதிரி ஆட்கள் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். நான் கழற்றினேன். அது நீ வருவதற்கு ஒரு வருஷம் முன்னால். அந்த மிஷினில் உன்னைப் போடுவேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியுமா?

உன் கை போன அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் வைத்தே மேனேஜர் சொல்லிவிட்டார். மிஷின்மேல் தப்பு என்றால் கழற்றியவன்மேல் தப்பு. தங்கைமேல் தப்பு என்றால் யார்மேலும் தப்பு இல்லை, வைத்தியமும் நடக்கும், கை ஆறியதும் துணி மடிக்கிற பக்கம் உட்கார வேலையும் உண்டு. நீ ஊசி போட்ட அரை மயக்கத்தில் இருந்தாய். நான் யோசித்தேன். நான் ஜெயிலுக்குப் போனால் உன்னை யார் பார்ப்பது? நீயே சொல். இதுவும் உன்னை நினைத்துச் செய்ததுதான். நீ அதை எந்த அகராதியில் வேண்டுமானாலும் தேடு.

உன்னை இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். அங்கே தனியாக உட்கார்ந்து அடுத்தவர் பத்திரத்தை எழுதிக்கொண்டு கிடந்தவளை, வா என்று டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டவன். அதற்கு நீ செய்கிற கைம்மாறு, என்னை அதிகாரிகள் முன்னால் நிறுத்துவது.

விசாரணை வந்தால் சலவைக் கம்பெனியை மூடுவார்கள். நாற்பது பேர். உன்னோடு சோறு சாப்பிட்டவர்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? கம்பியைத் திரும்ப மாட்டியாயிற்று. உன் விபத்துக்கு மறுநாளே என் கையால் மாட்டினேன். இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது. அப்புறம் எதற்கு இந்த ஆட்டம்?

12ஆம் தேதி போகாதே. போய்த்தான் ஆவேன் என்றால் என்னைக் கூப்பிடு. கூட வருகிறேன். நீ சொல்வதை நான் சொல்கிறேன். வேறு யாராவது மொழிபெயர்த்தால் நீ சொல்லாததையெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணனுக்கு,

வேறு யாராவது நான் சொல்லாததைச் சொல்லிவிடுவார்கள் என்று நீங்கள் எழுதிய வரியை நாலு முறை படித்தேன். எழுதும்போது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா?

நேற்றுப் போனேன். இரண்டாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஒரு மேஜை, அதற்குப் பின்னால் வயசான அதிகாரி ஒருவர், பக்கத்தில் சின்ன வயசு அம்மா ஒருத்தி. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, காய்ச்சலாம். வேறு ஒரு நாள் வருகிறாயா என்று கையால் காட்டிக் கேட்டார்கள். அதற்குள் அந்தச் சின்ன அம்மா என் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷமாக ஏதோ சொன்னாள். பிரதர் என்று கேட்டது. கால் என்று கேட்டது. ஃபைலில் மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதே. உங்களுக்குப் போன் போடட்டுமா என்கிறாள். ரிசீவரைக் கையில் எடுத்துவிட்டாள்.

"நோ" என்றேன். பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். நாலு வருஷத்தில் இந்த ஊரில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை.

பிறகு நானே பேசினேன். இருபத்திரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், நடந்தது நடந்தபடி. ஆனால் வாய் திறந்ததும் எல்லாம் போய்விட்டது. எங்கள் புத்தகத்தில் நடந்து முடிந்ததைச் சொல்வது எட்டாம் பாடம். நாங்கள் இருப்பது ஆறில். படித்தால் புரிகிறது, பேச்சில் வரவில்லை. கையை மேஜைமேல் வைத்துவிட்டு, எனக்கு வந்த மாதிரி சொன்னேன். மெஷின் நம்பர் த்ரீ. தி பார் இஸ் நாட் தேர். டூ ஹோல்ஸ். மை ஹேண்ட் கோஸ் இன். மெஷின் டஸ் நாட் ஸ்டாப். மை பிரதர் நோஸ்.

வயசானவர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்தார். என் பக்கம் குனிந்து, "நௌ?" என்று கேட்டார். இப்போதும் என் கை வலிக்கிறதா என்று கேட்கிறார் போல என்று நினைத்து, "எஸ்" என்றேன். "டுடே?" என்றார். "டுடே. எவ்ரி டே" என்றேன். நேரம் சொல்லும் பாடத்தில் அந்த இரண்டும் சேர்ந்தே வரும், வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எழுந்து கோட்டை மாட்டினார். சின்ன அம்மா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.

படிக்கட்டில் அவர்கள் இறங்குகிற சத்தம் கேட்டபோதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கம்பி இருக்கவில்லை என்று சொல்ல வந்தவள், இன்றைக்கும் இல்லை, தினமும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அங்கே கை வைத்து ஒருத்தி வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன்.

கம்பியைத் திரும்ப மாட்டியாயிற்று, உங்கள் கையாலேயே மாட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிஜமானால், நான் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து பொய் சொன்னவள். முதல் ஐந்து வாக்கியத்துக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவளும் நான்தான், அவர்களிடமும் போய்ச் சொல்வேன்.

அது பொய்யானால் என்ன என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அவர்கள் போய் என்ன பார்த்தார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள். எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 19

தங்கைக்கு,

நீ பொய் சொல்லவில்லை. நான் எழுதியதுதான் பொய்.

அவர்கள் வந்தபோது பதினொன்றே கால். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வருவதற்குள் அந்தப் பெரியவர் நேராக மூன்றாவது மிஷினுக்குப் போய்விட்டார். யாரிடமும் வழி கேட்கவில்லை. அந்த இரண்டு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார்.

உன் விபத்துக்கு மறுநாள் கம்பியை மாட்டியது உண்மை. ஒன்பது நாள் இருந்தது. விசாரிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பத்தாவது நாள் துணி மலை மாதிரி குவிந்துவிட்டது. மேனேஜர் வந்து நின்றார். இந்த முறை வாயைத் திறக்கக்கூட இல்லை. மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். நான் கழற்றிப் பழைய தலையணை உறையில் சுற்றி அலமாரியில் வைத்தேன். உன் கையில் அப்போது தையல்கூடப் பிரிக்கவில்லை. இதை எழுதும்போது நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த மிஷினில் இப்போது இருப்பது ஒரு புதுப் பெண். நம் மொழிக்காரி. வந்து ஆறு வாரம் ஆகிறது. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. வேலை கற்றுக் கொடுத்ததும் நான்தான். அது என்ன ஓட்டை என்று அவளும் கேட்டாள். பழைய மாடல் என்றேன்.

பெரியவர் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் என் தோளுக்குப் பின்னால், மூச்சுப் படுகிற தூரத்தில். இந்த மிஷினில் பாதுகாப்புக் கம்பி ஒன்று உண்டு என்று உனக்கு யாராவது சொன்னார்களா? இதுதான் கேள்வி. தமிழில் கேட்டேன். அவள் சொன்னது இது. "அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க. சார் பாத்துப் பண்ணச் சொன்னார், நானும் பாத்துப் பாத்துத்தான் கை வைக்கிறேன். பயமாத்தான் இருக்கு."

அவள் என்ன சொன்னாள் என்று அந்த இடத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அதுதான் அவள் சொன்னதாக ஆகும். ஆஸ்பத்திரி வராண்டாவில் எப்படியோ அப்படி. வார்த்தைகூட நாக்கில் தயாராக இருந்தது. எஸ், ஐ வாஸ் டோல்ட். நாலே சொல்.

அவள் கை ஈர பெட்ஷீட்மேல் இருந்தது. எடுக்கவே இல்லை. வேலை நின்றால் திட்டுவார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. நான் அவள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். பயமாக இருக்கிறது என்பதையும் சேர்த்து. கம்பியைக் கழற்றியது யார் என்று அடுத்த கேள்வி. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, நான்தான் என்றேன்.

மூன்றாவது மிஷினுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் ஓடுகின்றன. நாற்பது பேர் என்று உன்னைப் பயமுறுத்தினேன். ஒருவருக்கும் வேலை போகவில்லை. என்னைத்தான் அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வரக் கூடாது. மேனேஜர் நான் தன்னிச்சையாகச் செய்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ சந்தோஷப்படலாம், என் பெயரிலும் இப்போது யாரோ வாக்கியம் எழுதுகிறார்கள்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். முகத்துக்கு நேரே வந்து நாலு அறை அறைந்திருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், முன்பின் தெரியாதவர்களிடம் அண்ணனைப் பற்றிச் சொல்லி, இதெல்லாம் என்ன பழக்கம்? பகல் பூராவும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி வேலைக்குப் போகிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் தேவைக்குத்தான்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தில் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடினேன். இரண்டு முறை தேடினேன். இல்லை. கோபம் என்று மட்டும் இருக்கிறது. பரவாயில்லை, அந்த ஒரு விஷயத்தில் நாம் இரண்டு பேரும் சரிக்குச் சமம்.

ஒருமுறை ஒழுங்காக மொழிபெயர்த்ததற்கு நான் கைதட்டுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அதைப் படித்தபோது சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கிறது உங்களுக்கு. அந்தப் பெண்ணுக்குச் செய்ய முடிந்தது. எனக்குச் செய்ய முடியவில்லை. கூடப் பிறந்தவள் என்பதால் என் வாயும் உங்களுடையது என்று நினைத்துவிட்டீர்கள். வெளியாள் என்றால் துணிந்திருக்க மாட்டீர்கள்.

பத்தாவது நாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு நீங்கள் வேலையிலிருந்து வந்து, என் கட்டைப் பிரித்துப் புதுத் துணி சுற்றினீர்கள். கண் கலங்கினீர்கள். அதையும் இதையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்தார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். எந்தப் பாஷையிலும் ஒட்ட மாட்டேன் என்கிறது.

அந்தப் பெண் கிளாஸுக்கு வந்துவிட்டாள். அவளாக வரவில்லை. மிஷினை மூடியதும் அவளைத் துணி மடிக்கிற பக்கம் உட்கார வைத்தார்களாம். கம்பெனி வாசலில் நின்று நானே கூட்டிக்கொண்டு வந்தேன். முதல் நாள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் டீச்சர் பெயர் கேட்டதும் என் காதில், "நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். முறைத்தாள். கடைசியில் அவளே சொன்னாள். இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறாள். இருக்கட்டும்.

பாதுகாப்பு அலுவலகத்தில் மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார், நல்ல மனுஷி. நான் தமிழில் சொன்னேன், தப்பில்லாமல், நடந்ததை நடந்தது என்றே. மேனேஜரைப் பற்றி நீங்கள் மார்ச் 1ஆம் தேதி எழுதியதையும் காட்டினேன். ஸ்பேனரைக் கொடுத்து, உனக்கே தெரியும் என்றாரே, அது. உங்களைக் காப்பாற்ற இல்லை. அவரும் தப்பித்துப் போகக் கூடாது என்பதற்காக.

புது வாக்குமூலம் டைப் ஆகி வந்துவிட்டது. இங்கிலீஷில் இரண்டு பக்கம். நானே உட்கார்ந்து படித்தேன், இரண்டு நாள் ஆயிற்று. நாலு இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் மூன்றாவது வரி உங்களைப் பற்றியது. பழைய வாக்குமூலம் ரத்தாக வேண்டுமானால், அன்றைக்கு மொழிபெயர்த்தவர் அதைப் படித்துக் காட்டவில்லை என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீங்கள் போடாவிட்டாலும் விசாரணை நடக்கும். ஆனால் அந்த ஐந்து வாக்கியமும் என் பெயரிலேயே ஃபைலில் இருக்கும். நான் செத்த பிறகும் இருக்கும்.

வீட்டுக்குத் திரும்பி வர மாட்டேன். அதைக் கேட்காதீர்கள். அண்ணி இங்கே வரலாம், எப்போது வேண்டுமானாலும்.

நீங்கள் வியாழக்கிழமை ஐந்து மணிக்கு நூலகத்துக்கு வாருங்கள். கிளாஸ் ஐந்தரைக்குத்தான். பின்பக்க அறை, பச்சைக் கதவு. டீச்சர் சாவி தந்திருக்கிறார். எனக்கு எதிர் நாற்காலியில் உட்காருங்கள். சமாதானம் எதுவும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். அந்த இரண்டு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். முடிந்ததும் நான் கையெழுத்துப் போடுகிறேன், அப்புறம் நீங்கள்.

நிதானமாக வாசியுங்கள். ஒரு வரி விட்டால்கூட எனக்குத் தெரிந்துவிடும்.

தங்கை